நாலாம் பக்கத்துக் கையெழுத்து

ஜோன்ஸை யாரும் இழுத்துக்கொண்டுபோய் அந்த மனநல இல்லத்தில் விடவில்லை. அவனே பையை அடுக்கினான், அவனே பஸ் ஏறினான். அங்கே போனால் தூக்கம் திரும்பி வந்துவிடும் என்று மனதார நம்பினான். அதனால்தான் பின்னால் நடந்தது அவனை அப்படி உலுக்கிவிட்டது.

தூத்துக்குடியில் மதுரை பைபாஸ் ஓரமாக இருக்கும் கண்டெய்னர் யார்டுகளில் ஒன்றில் அவன் ரீச் ஸ்டாக்கர் ஓட்டிக்கொண்டிருந்தான். துறைமுகத்துக்குப் போகிற பெட்டிகளையும் அங்கிருந்து வருகிற பெட்டிகளையும் தூக்கி, ஐந்தடுக்கு வரை ஏற்றி வைக்கும் பெரிய வண்டி அது. அவன் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகக் கடல்தான் பிழைப்பு. ஜோன்ஸுக்கு மட்டும் கரையை விட்டு ஒரு மைல் போனாலே குடலைப் பிரட்டிக்கொண்டு வந்துவிடும். பத்தொன்பது வயதில் யார்டில் ஹெல்ப்பராகச் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்து, முப்பத்து நாலு வயதில் நிதானமான ஆபரேட்டர் என்று பெயர் வாங்கியிருந்தான். இத்தனை வருஷத்தில் ஒரு பெட்டியின் மூலையைக்கூட அவன் நசுக்கியதில்லை.

ஆகஸ்ட் மாதம், மாதா கோயில் திருவிழா முடிந்த மறுநாள் அது நடந்தது. யார்டில் பாதிப்பேர் லீவில் இருந்தார்கள். இரவு ஷிப்டு பார்த்துவிட்டுக் காலை ஆறு மணிக்கு இறங்க வேண்டிய ஜோன்ஸை, மாற்று ஆள் வரவில்லை, இன்னும் ரெண்டு மணி நேரம் பார் என்றார்கள். ரெண்டு மணி நேரம் ஐந்தரை மணி நேரமானது. பதினொன்றரைக்கு, வெயில் பெட்டிகளின் தகரத்தில் பட்டுக் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தபோது, அவன் வண்டியைப் பின்னால் எடுத்தான். கண்டெய்னர் சீல்களின் நம்பரைக் குறித்துக்கொண்டு நின்ற முத்துக்குமரன் மேல் பின்சக்கரம் ஏறியது. விளாத்திகுளத்துப் பையன். இருபத்தாறு வயது.

யார்டு மேனேஜர் தங்கதுரை அன்று சாயங்காலமே ஓர் அறிக்கை தயாரித்துவிட்டார். இறந்தவர் செல்போனில் பேசிக்கொண்டே வண்டிப் பாதைக்குள் வந்துவிட்டார், ஆபரேட்டர் பிரேக் பிடித்தும் பயனில்லை என்று அதில் இருந்தது. ஜோன்ஸ் கையெழுத்துப் போட்டான். போலீஸும் அதையே எழுதிக்கொண்டது.

உண்மை வேறு. வண்டி பின்னால் போன அந்த நேரத்தில் ஜோன்ஸின் கண் மூடியிருந்தது. ரெண்டு விநாடி இருக்கலாம், மூன்று இருக்கலாம். திறந்தபோது பக்கக் கண்ணாடியில் ஒரு மஞ்சள் சட்டை தெரிந்தது. அடுத்த கணம் அது இல்லை. முத்துக்குமரன் கையில் போன் எதையும் அவன் பார்க்கவில்லை. இதை ஜோன்ஸ் தன் மனைவி அனிஷாவிடம் சொல்லவில்லை. கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லப்போய் மண்டியிட்டவன், வாய் வராமல், வேறு ஏதோ சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தான்.

அதற்குப் பிறகு தூக்கம் போயிற்று. ஊரில் எந்த வேன் பின்னால் எடுக்கும்போது ‘பீப் பீப்’ என்று சத்தம் கொடுத்தாலும், நின்ற இடத்திலேயே மரம்போல நின்றுவிடுவான். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் அப்படி ஒரு சத்தம் கேட்டது. ஆறு வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவன், அவள் வீரிட்டு அலறும்வரை அந்தக் கையை நெரித்துக்கொண்டே நின்றிருக்கிறான். பிள்ளையின் மணிக்கட்டில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது.

அன்றைக்கு அனிஷா சொன்னாள். “இனி இப்படியே விட முடியாது. யாரையாவது பாக்கணும். நீங்க மாட்டேன்னு சொன்னாலும் நான் விடமாட்டேன்.” அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர். எவ்வளவு கலங்கினாலும் குரல் உயராது.

அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை. கம்பெனியில் தூக்கம் இல்லாததைச் சொன்னதும் தங்கதுரை ஒரு வழவழப்பான காகிதத்தை நீட்டினார். திருச்செந்தூர் தாண்டி, குலசேகரன்பட்டினம் போகிற வழியில் ஒரு மனநல இல்லம். இருபத்தொரு நாள் திட்டம். தினமும் தனி ஆலோசனை, மனநல மருத்துவர், தியானம், கடற்கரை நடை என்று படத்தோடு போட்டிருந்தது.

“கம்பெனியே எல்லாம் பாத்துக்கிடும். நல்லா தெளிஞ்சு, ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட்டோட வா. உன் வண்டி அங்கனதான் நிக்கும்” என்றார்.

நவம்பர் மழையில் போய் இறங்கினான். பனைகளுக்கும் உடைமரங்களுக்கும் நடுவே, ஒரு காலத்தில் லாட்ஜாக இருந்திருக்க வேண்டிய ரெண்டு மாடிக் கட்டிடம். ஆபீஸில் இருந்த பெண் ஆறு பக்கத் தாள்களை வைத்து, “இங்கன, இங்கன, அப்புறம் இங்கன” என்று பேனா முனையால் தொட்டுக் காட்டினாள். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. அவன் மளமளவென்று கையெழுத்துப் போட்டான். போன், பெல்ட், கழுத்திலிருந்த ஜெபமாலை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வாங்கிக்கொண்டார்கள்.

“ஜெபமாலை எதுக்கு?”

“கயிறு மாதிரி எதுவும் உள்ள போவக்கூடாது. போறப்ப வாங்கிக்கிடலாம்” என்றான் வார்டன்.

ஒரே ஹாலில் இருபத்திரண்டு கட்டில். அதில் பதினெட்டுப் பேர் குடியை நிறுத்த வந்தவர்கள், அல்லது கொண்டுவந்து விடப்பட்டவர்கள். ஒருவர் பகல் முழுக்கச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில் பவுல். அவர் நாற்பது வயது லாரி டிரைவர், இங்கே மூன்றாவது தடவை.

“நீ எதுல வந்த? பிராந்தியா, சாராயமா?” என்று பவுல் கேட்டார்.

“நான் குடிக்கிறதில்ல அண்ணாச்சி.”

“அப்ப எதுக்குலே வந்த?” பவுல் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

மறுநாள் அந்தக் கேள்விக்கு அர்த்தம் புரிந்தது. காலை ஐந்தரைக்கு மணி. மூச்சுப் பயிற்சி. கஞ்சி. பிறகு ஆளுக்கொரு அச்சடித்த புத்தகம் கொடுத்து எழுதச் சொன்னார்கள். முதல் கேள்வி, ‘நீங்கள் முதன்முதலில் எப்போது மது அருந்தினீர்கள்?’

“சார், எனக்கு அந்தப் பழக்கமே கெடையாதே. நான் என்ன எழுத?”

“எதையாவது எழுதுங்க. எல்லாருக்கும் ஒரே ஃபார்மட்தான். வாரக் கடைசியில எழுதின புத்தகத்த எண்ணிக் குடுக்கணும்” என்றார் வகுப்பு எடுத்தவர்.

ஜோன்ஸ் யோசித்துப் பார்த்துவிட்டு, சித்தப்பா கல்யாணத்தில் ஒரு மடக்குக் குடித்துத் துப்பியதை எழுதினான். அதற்கு மேல் அந்தப் புத்தகத்தில் அவனைப் பற்றி ஒன்றும் இல்லை.

மருத்துவர் செவ்வாயும் வெள்ளியும் வந்தார். ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டு பேர். ஜோன்ஸின் முறை வந்தபோது அவர் அடுத்த ஆளின் அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். “தூக்கம் இல்லையா? சரி.” மாத்திரை வந்தது. போட்டால் தலை கனத்து, வாய் உலர்ந்து, நினைவு மங்கிப் படுப்பான். ஆனால் அந்தப் பக்கக் கண்ணாடியும் மஞ்சள் சட்டையும் மாத்திரைக்குள்ளும் வந்தன. முன்பு திடுக்கிட்டு எழுந்துவிடுவான். இப்போது எழவும் முடியாமல் அதற்குள்ளேயே கிடந்தான். கடற்கரை நடை மழையைச் சொல்லி நிறுத்தப்பட்டிருந்தது. கடல் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட் பூட்டியிருந்தது.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஆபீஸ் வாசலில் போய் நின்று, “தனியாப் பேசணும்னு போட்டிருந்துச்சே, அது எப்ப?” என்று கேட்பான். அவர்கள் நாளைக்கு என்பார்கள். எட்டு நாள் போயிற்று. ஒன்பதாம் நாள் அவன் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். கஞ்சிக்கும் போகவில்லை. அதன் பிறகுதான் மெல்வினை அனுப்பினார்கள்.

மெல்வினுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். படிப்பை முடித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பழைய துணிமணிகள் அடுக்கிய ஒரு சின்ன அறையில் ரெண்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தான். அவன் ஜோன்ஸின் முகத்தைப் பார்த்துப் பேசினான். இல்லத்தில் ஒன்பது நாளில் அதைச் செய்த முதல் ஆள் அவன்தான்.

“மொதல்ல ஒரு காரியம் சொல்லு தம்பி. நான் இங்கன பேசுதது வெளிய போவுமா?” என்று ஜோன்ஸ் கேட்டான்.

மெல்வின் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். “போவாதுண்ணே. இந்த நாலு செவுத்துக்குள்ளதான்.”

ஜோன்ஸ் சொன்னான். கண் மூடியது, மஞ்சள் சட்டை, போன் இல்லாதது, கையெழுத்துப் போட்டது, எல்லாம். கோர்வையாக வரவில்லை. முன்னும் பின்னுமாக வந்தது. நடுவில் ஒரு இடத்தில் மாடு கத்துவதுபோல ஒரு சத்தம் அவனிடமிருந்தே கிளம்பி அவனையே பயமுறுத்தியது.

உன் தப்பில்லை என்று மெல்வின் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜோன்ஸ் நம்பியிருக்க மாட்டான். “அந்த நேரத்துல நீங்க எத்தன மணி நேரம் முழிச்சிருந்தீங்கண்ணே?” என்று மட்டும் கேட்டான்.

யாரும் அதை அவனிடம் கேட்டதே இல்லை. ஜோன்ஸ் விரல் விட்டு எண்ணினான். திருவிழா என்பதால் முந்தின நாள் பகலிலும் தூங்கவில்லை. சப்பரத்துக்குப் பின்னாலேயே நடந்துவிட்டு நேராக ஷிப்டுக்குப் போயிருந்தான். “முப்பது மணி நேரம் இருக்கும்” என்றவனுக்கு அந்த எண் தன் வாயிலிருந்து வருவது வேறு யாருடைய கதையோபோல இருந்தது.

“இதப் பத்தி நாம இன்னும் பேசணும். நாளைக்கும் வாங்க” என்றான் மெல்வின்.

அன்று ஜோன்ஸ் மாத்திரையைப் போட மறந்தே போனான். ஐந்து மணி நேரம் தூங்கினான். காலையில் கஞ்சியை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கியதைப் பார்த்துப் பவுல், “என்னலே, பேயி எறங்கிட்டா?” என்று சிரித்தார்.

ஆனால் அந்த ‘நாளைக்கு’ வரவில்லை. மெல்வினைக் கயத்தாறில் ஏதோ பள்ளிக்கூட முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜோன்ஸ் தினமும் அந்தத் துணி அறை வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். ஒரு தடவை திறந்துவிட்டதை மூடவும் முடியவில்லை, முழுக்கக் கொட்டவும் ஆள் இல்லை. மூன்றாம் நாள் மறுபடி தூக்கம் கெட்டது. மறுபடி மாத்திரை.

பதினாறாம் நாள் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே இல்லத்து டைரக்டரோடு தங்கதுரை உட்கார்ந்திருந்தார்.

“மொகத்துல ஒரு தெளிச்சி தெரியுதே ஜோன்ஸு” என்றார் தங்கதுரை. எதிரில் ஒரு ஃபைல் திறந்திருந்தது. டைரக்டர் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து வெளியே போனார்.

தங்கதுரை ஃபைலில் ஒரு வரியில் விரலை வைத்தார். “விபத்து நேரத்துல தான் தூங்கிட்டதா ஆபரேட்டரே ஒத்துக்கிட்டாரு. இப்படிப் போட்டிருக்கு.”

ஜோன்ஸுக்குக் காது அடைத்துக்கொண்டது. அவர் உதடு அசைவது மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

“…பயப்படாத. இது நம்மகிட்டயே இருக்கட்டும். அந்தப் பையனுக்க அக்காக்காரி ஒருத்தி கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கெழம தோறும் மனு குடுக்கா. அடுத்த மாசம் தொழிலாளர் துறை விசாரணை வருது. நீ மொதல்ல எழுதிக் குடுத்ததையே சொல்லிட்டு வந்துரு. வேற எதையாவது பேசினேன்னு வையி, இந்தத் தாளு எங்கன போயி நிக்கும்னு எனக்கே தெரியாது.”

“சார், நான் எத்தன மணி நேரம் முழிச்சிருந்தேன்னும் சொன்னேனே. அது இதுல இருக்கா?”

தங்கதுரை ஃபைலை மூடினார். “அப்படி ஒண்ணும் இல்லையே. ரெஜிஸ்டர்லயும் உனக்கு அன்னிக்குக் காலை ஷிப்டுன்னுதான கெடக்கு.”

மெல்வின் மறுநாள்தான் கயத்தாறிலிருந்து திரும்பினான். ஜோன்ஸ் அவனைக் கேட் பக்கத்தில் மடக்கினான். சட்டையைப் பிடிக்க வேண்டும் என்றுதான் போனான். பிடிக்கவில்லை.

“நாலு செவுத்துக்குள்ளன்னு சொன்னியே தம்பி.”

மெல்வினின் முகம் வெளுத்தது. தங்கதுரை கையில் அந்தத் தாள் இருப்பதே ஜோன்ஸ் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. “வாராவாரம் ரிப்போர்ட் குடுக்கணும்ணே. அது டாக்டருக்குன்னு நெனச்சேன். கம்பெனிக்குப் போவும்னு சத்தியமாத் தெரியாது.” ஆபீஸுக்குள் ஓடிப்போய் ஜோன்ஸ் முதல் நாள் கையெழுத்திட்ட தாள்களை எடுத்து வந்தான். நாலாம் பக்கத்தில், கீழே, பொடி எழுத்தில் இருந்தது. சிகிச்சை பற்றிய தகவல்களைச் செலவை ஏற்கும் நிறுவனத்துடன் பகிர்ந்துகொள்ளச் சம்மதிக்கிறேன். அதற்கடியில் ஜோன்ஸின் கையெழுத்து.

“மணிக்கணக்கு? முப்பது மணி நேரம்னு சொன்னேனே?”

“எழுதினேண்ணே. டைரக்டர் சார் சுருக்கித் தரச் சொன்னாரு. சுருக்கையில அது விட்டுப்போச்சு” என்றான் மெல்வின்.

ஜோன்ஸ் மழையில் நின்றான். நோயாளி என்றால் என்ன என்று அவனுக்கு அன்றுதான் புரிந்தது. தன்னைப் பற்றிய ஒரு விஷயம் தன்னிடம் இல்லாமல் மற்ற எல்லோரிடமும் இருப்பது.

அன்று மத்தியானம் டைரக்டரிடம் போய், வீட்டுக்குப் போகிறேன் என்றான். இன்னும் நாலு நாள்தானே, கம்பெனி சம்மதம் வேண்டும், சர்ட்டிபிகேட் கிடைக்காது, பாதியில் போனால் நோய் முற்றும் என்றார் அவர். ஜோன்ஸ் கேட்டதையே திரும்பக் கேட்டான். உடனே அவனுக்கு ஊசி போட வேண்டுமா என்று வார்டனும் டைரக்டரும் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள்.

பவுல்தான் அவனை ஹாலுக்கு இழுத்து வந்தார். “கத்தாதலே. கத்தினா ஊசிதான். நீ உன் கையெழுத்துலதான வந்த? உன்னப் புடிச்சு வைக்க அவனுவளுக்கு அதிகாரம் கெடையாது. போன தடவ ஒரு வக்கீல் பையன் எழுதிக் குடுத்துட்டு மறுநாளே போனான். நீயும் எழுது. மரியாதையா எழுது. தேதி போடு.”

“நீங்க ஏன் எழுதிக் குடுக்கல அண்ணாச்சி?”

“எனக்கு வெளிய போனா கடைதான் ஞாவகம் வருது. இங்கனயே கெடக்கேன்” என்றார் பவுல்.

குடியைப் பற்றிய அந்தப் புத்தகத்தில் எழுதாத தாள் ஒன்றைக் கிழித்து ஜோன்ஸ் எழுதிக் கொடுத்தான். இல்லத்தார் அதை வாங்கி வைத்துக்கொண்டு அனிஷாவுக்குப் போன் செய்தார்கள். உங்கள் கணவர் ஒத்துழைக்கவில்லை, கோபப்படுகிறார், வந்து சமாதானம் செய்யுங்கள் என்றார்கள். அடுத்த நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அனிஷா வந்தாள். வாசல் அறையில் ஒரு மேஜைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்காரவைத்தார்கள். வார்டன் கதவோரம் நின்றான்.

“இன்னும் மூணு நாளுதான. முடிச்சுட்டே வந்துரலாம்லா” என்றாள் அனிஷா. பேசும்போதே அவன் உதடுகள் மாத்திரையில் வெடித்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜோன்ஸ் வார்டனைப் பார்த்தான். இந்த ஆள் கேட்டால் என்ன, யார் கேட்டால் என்ன என்று தோன்றியது. ஃபைலில் ஏறி ஊருக்குப் போய்விட்ட விஷயம். கேட்காதது கட்டினவள் ஒருத்திதான். அவளிடம் சொன்னான்.

அனிஷா மேஜைமேல் இருந்த தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவளுக்கு முதலில் வந்தது கோபம். மூணு மாதமாகப் பக்கத்தில் படுத்துக் கிடந்தவன். முத்துக்குமரனின் ஆத்துமாவுக்காக அவள் பூசை வைத்தபோது பக்கத்தில் மண்டியிட்டிருந்தவன்.

“அந்தப் பையன் போன் பேசிட்டு வந்தான்னு நான் பத்துப் பேர்ட்ட சொல்லியிருக்கேன். ஸ்கூல்ல டீச்சருவள்ட்ட எல்லாம் சொல்லியிருக்கேன். அவனத் திட்டியும் இருக்கேன்” என்றாள்.

“தெரியும்.”

“என்கிட்டச் சொல்லாம, ஊரு பேரு தெரியாத ஒருத்தன்ட்டச் சொல்லியிருக்கீங்க.”

“உன்கிட்டச் சொன்னா அது நெசமாயிரும்னு பயம்.”

அவள் எழுந்து வார்டனிடம் போய், “இவரு சாமானை எடுத்துக் குடுங்க” என்றாள். டைரக்டர் வந்து, மருத்துவ ஆலோசனையை மீறிப் போவதாகக் கையெழுத்து வேண்டும் என்றார். அனிஷா அந்தத் தாளை ஒவ்வொரு வரியாக, பிள்ளைகளின் விடைத்தாளைப் படிப்பதுபோல, முழுக்கப் படித்த பிறகே ஜோன்ஸின் கையில் பேனாவைக் கொடுத்தாள். பஸ்ஸில் அவர்கள் அடுத்தடுத்த சீட்டில் உட்கார்ந்து தூத்துக்குடி வந்து சேர்ந்தார்கள். மாத்திரை, மருந்துச்சீட்டு எதையும் இல்லத்தில் கொடுத்திருக்கவில்லை. மாத்திரை திடீரென நின்றதில் ரெண்டு நாள் உடம்பு உதறிக்கொண்டே இருந்தது. அனிஷா அவனை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நீண்ட வரிசை. அங்கிருந்த டாக்டரம்மாவும் ஐந்து நிமிஷம்தான் பேசினார். ஆனால் மாத்திரையை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது என்று தாளில் எழுதிக் கொடுத்தார்.

உடம்பு நிதானப்பட்டதும் ஜோன்ஸ் விளாத்திகுளம் போனான். தனியாகத்தான் போனான். அனிஷா வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றான்.

முத்துக்குமரனின் அக்கா பகவதி அங்கன்வாடியில் உதவியாளர். அப்பா அம்மா இல்லாமல் தம்பியை வளர்த்துப் படிக்கவைத்தவள். ஜோன்ஸ் போனபோது வேலை முடிந்து வந்து கதவைத் திறந்துகொண்டிருந்தாள். யார் என்று சொன்னதும் அவள் கையில் சாவி அப்படியே நின்றது. உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே அவன் சொன்னான். இந்தத் தடவை கோர்வையாக வந்தது. “தூங்கிட்டேன். உங்க தம்பி மேல தப்பே இல்ல. அவன் கையில போனும் இல்ல.”

“போன் இல்லதான். அது எனக்குத் தெரியும்” என்றாள் பகவதி.

ஜோன்ஸுக்குப் புரியவில்லை.

“அன்னிக்கு சார்ஜ் போட்டுட்டு மறந்துட்டுப் போயிட்டான். இந்தா, இந்த வீட்டுக்குள்ளதான் கெடந்துச்சு. நானும் போலீஸ்ல சொன்னேன், கம்பெனில சொன்னேன், கலெக்டர் ஆபீஸ்ல சொன்னேன். ‘போன் பேசிக்கிட்டே போயிச் செத்தான்’னு தெருவுல பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லுதாங்க. என் தம்பிய வச்சிப் புத்தி சொல்லுதாங்க.” அவள் குரல் ஒரு தடவைகூட உடையவில்லை. “நீங்க தூங்கினதுக்கு உங்கள நான் என்ன செய்ய? ஆனா அவன் போன் பேசினான்னு எழுதின தாளுல கையெழுத்துப் போட்டீங்கள்லா, அது முழிச்சிருந்து போட்டது.”

ஜோன்ஸ் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

“இனிமே இந்த வாசலுக்கு வராதீங்க. விசாரணைக்கு வாங்க. இதே மாதிரி அங்கன சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் பகவதி கதவைச் சாத்திக்கொண்டாள்.

விசாரணை டிசம்பரில் மூன்று தடவை நடந்தது. முதல் நாளே ஜோன்ஸ் சொல்லிவிட்டான். எதிர்பார்த்ததுபோலவே தங்கதுரை இல்லத்துத் தாளை எடுத்து நீட்டினார். இந்த ஆள் மனநிலை சரியில்லாமல் சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடியவர், இவர் பேச்சை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். அதே தாளில் இவர் தூங்கியதாக ஒப்புக்கொண்டது மட்டும் சரியா என்று அதிகாரி கேட்டபோது அவர் தாளைத் திரும்ப ஃபைலுக்குள் வைத்தார். மெல்வினைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அவன் வேலையை விட்டுச் சென்னைக்குப் போய்விட்டதாகத் தகவல் வந்தது. ஆனால் யார்டு கேட்டில் இருந்த கைரேகை மிஷினை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஜோன்ஸ் சொல்லித்தான் அதிகாரி அதைக் கேட்டு வாங்கினார். முந்தின நாள் இரவு ஒன்பது ஐம்பதுக்கு ஜோன்ஸ் உள்ளே போனது அதில் இருந்தது. விபத்து நடக்கும்வரை வெளியே வந்ததாக இல்லை.

அதிகாரியின் அறிக்கையில் ரெண்டும் வந்தன. ஆபரேட்டர் தூங்கியது ஒன்று. அவனை இறங்கவிடாமல் ஓட்டவைத்ததும் ரெஜிஸ்டரைத் திருத்தியதும் இன்னொன்று. இறந்தவர் போன் பேசியதற்கு ஆதாரம் இல்லை என்று தனியாக ஒரு பத்தி இருந்தது. தங்கதுரையை வேறு யார்டுக்கு மாற்றினார்கள். ஜோன்ஸின் வேலை போனது. லைசென்ஸை முடக்கினார்கள். போலீஸ் வழக்கில் அவன் பெயர் ஏறியது. அது இன்னும் நடக்கிறது. மாதம் ஒருமுறை அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறான். சில நாள் தூங்குகிறான், சில நாள் இல்லை. அனிஷா பேசுகிறாள். ஆனால் ஏதாவது அவன் சொன்னால், ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுகிறாள்.

விசாரணையின் கடைசி நாள், எல்லோரும் போன பிறகு, ஆபீஸ் தாழ்வாரத்துப் பெஞ்சில் பகவதி உட்கார்ந்திருந்தாள். ஜோன்ஸ் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனான்.

“நில்லுங்க” என்றாள் அவள்.

நின்றான்.

“நீங்கதான மொதல்ல எறங்கி ஓடினது? அவன் ஏதாவது பேசினானா?”

இதை அவன் மெல்வினிடமும் சொல்லியிருக்கவில்லை. அனிஷாவிடமும் சொல்லவில்லை. பொய் சொல்ல ஒரு கணம் வாய் வந்தது. உங்களைக் கேட்டான் என்று சொல்லிவிடலாம். அவள் காலம் முழுக்க அதை வைத்துக்கொள்வாள்.

“தண்ணி கேட்டான்” என்றான் ஜோன்ஸ். “ஆம்புலன்ஸ் வாரவரைக்கும் குடுக்கக்கூடாதுன்னு சுத்தி நின்னவங்க சொன்னாங்க. பாட்டில் என் கையிலதான் இருந்துச்சு. நான் குடுக்கல.”

பகவதி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்தாள். இத்தனை நாளில் அவள் அழுது அவன் பார்த்தது அதுதான் முதல். போய்விடலாமா, நிற்கலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. போகச் சொல்லி அவளும் சொல்லவில்லை. பெஞ்சுக்கு நாலடி தள்ளி, சுவரோரமாக, அவன் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.